வாசனை மெழுகு வார்ப்பவர்களுக்குத் தராசும் வெப்பமானியும் முதலில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் திருகோணமலைப் பகுதியில் பெண்களுக்காக நடத்தப்படும் சுயதொழில் வகுப்புகளில் தையல், கேக் ஐசிங், மணிமாலை கோத்தல் ஆகியவற்றோடு இப்போது வாசனை மெழுகு வில்லை தயாரிப்பும் சேர்ந்திருக்கிறது. ‘வக்ஸ் மெல்ட்’ என்ற பெயராலேயே பலரும் அறிந்திருக்கும் இந்த வில்லைக்குத் திரி கிடையாது. சிறு மெழுகுதிரியின் மேலோ மின்சூடாக்கியின் மேலோ இருக்கும் கிண்ணத்தில் இதை இட்டால், அது உருகித் தன்னுள் கலந்திருக்கும் வாசனையை மெல்ல மெல்ல அறைக்குள் விடும். ஊதுபத்திப் புகை ஒத்துக்கொள்ளாத வீடுகளிலும், நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளிலும் இதற்கு விருப்பம் கூடியிருக்கிறது. நான்கு ஆண்டுகளாக உப்புவெளியில் என் வீட்டுக் குசினியில் இவற்றை வார்த்து விற்று வருபவள் என்ற முறையில், வகுப்புகளில் இந்த வேலை கற்பிக்கப்படும் விதத்தைப் பற்றி நெடுநாளாக மனத்தில் இருக்கும் கவலையைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நான் போன முதல் வகுப்பு ஒரே நாளில், மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிட்டது. அதை நடத்தியவர்களைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமல்ல. அவர்களும் கைத்தொலைபேசியில் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்தே கற்றிருந்தார்கள். எங்களுக்குத் தரப்பட்ட ஒற்றைத் தாளில் மெழுகை உருக்க வேண்டும், விரும்பிய வாசனையைச் சேர்க்க வேண்டும், அச்சில் ஊற்ற வேண்டும் என்று மூன்று வரிகள் இருந்தன. எவ்வளவு மெழுகுக்கு எவ்வளவு வாசனை, அதை எந்தச் சூட்டில் சேர்ப்பது, எப்போது ஊற்றுவது என்று ஓர் எண்கூட அதில் இல்லை.

அடுத்த வாரம் வீட்டில் ஒரு பால்மாப் பேணியை நேரே எரிவாயு அடுப்பில் வைத்து மெழுகை உருக்கினேன். விரும்பிய வாசனை என்று தாளில் இருந்ததால், உடுப்பில் அடிக்கும் வாசனைத் திரவியத்தில் அரைப் போத்தலை அதற்குள் ஊற்றினேன். ஊற்றிய கணமே பேணி பால் பொங்குவதுபோல் நுரைத்து வழிந்தது. வழிந்தது அடுப்பைத் தொட்டதும் நெருப்பு பேணியின் வாய்வரை ஏறியது. பக்கத்தில் நின்ற மச்சாள் வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டார். பொரிக்கும் எண்ணெய் பற்றினால் மூடியால்தான் மூட வேண்டும் என்று அம்மா சின்ன வயதில் சொல்லித் தந்தது அந்த நேரத்தில் எப்படியோ நினைவுக்கு வந்தது. ‘தண்ணி வேண்டாம், மூடி, மூடி’ என்று நான் கத்தியதும் அவர் வாளியை விட்டுவிட்டுச் சோற்றுச் சருவத்தின் மூடியை எடுத்துப் பேணியின் மேல் கவிழ்த்தார். நான் சிலிண்டரின் வாயை அடைத்தேன். சுவரில் படிந்த கரியும் என் வலக்கையில் ஒரு தழும்புமாக அது முடிந்தது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகளை வாசித்துப் பயந்திருந்த எங்கள் வீட்டில், அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு மெழுகு என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.

அன்று நடந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. உடம்பிலும் உடுப்பிலும் அடிக்கும் திரவியங்களில் பெரும்பகுதி மதுசாரம். அது மெழுகோடு கலக்காது. 78 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். அதன் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. நேரடி நெருப்பில் 100 பாகையையும் தாண்டியிருந்த மெழுகுக்குள் அதை ஊற்றியது, அடுப்பின் மேல் பெற்றோலைத் திறந்து வைத்ததற்குச் சமம். மச்சாள் தண்ணீரை ஊற்றியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். கொதிக்கும் மெழுகின் அடியில் போகும் நீர் ஒரே நொடியில் ஆவியாகி, தன் பருமனைப்போல் ஏறக்குறைய 1,600 மடங்காக விரியும். அந்த வேகத்தில் எரியும் மெழுகு கூரைவரை சிதறும். வகுப்புக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்த ஒரு விடயம் மெழுகைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லப்பட வேண்டும். மெழுகு கையில் பட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் பிடிக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பற்பசையும் தேங்காயெண்ணெயும் பூசுகிற வழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. ஒட்டிய மெழுகைப் பிய்த்துத் தோலையும் சேர்த்துக் கழற்றியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மெழுகை நேரே நெருப்பில் வைக்காமல், தண்ணீர் உள்ள சட்டிக்குள் பேணியை இறக்கி உருக்குவதே சரியான முறை. தண்ணீர் 100 பாகைக்கு மேல் போகாது என்பதால் மெழுகும் அதற்கு மேல் ஏற வழியில்லை. பேணியின் அடி சட்டியின் அடியைத் தொடாமலிருக்க நான் ஒரு பழைய இடியப்பத் தட்டைக் கவிழ்த்துப் போடுகிறேன். வாசனை எண்ணெய் சேர்க்கும் நேரம் வந்ததும் அடுப்பை நிறுத்தி, பேணியை வெளியே எடுத்து, அடுப்பிலிருந்து தள்ளி வைத்த பிறகே போத்தலைத் திறக்க வேண்டும். தோடம்பழ, எலுமிச்சை எண்ணெய்களின் ஆவி 50 பாகையை அண்டிய சூட்டிலேயே சுவாலையைப் பிடித்துக்கொள்ளும். வாசனைக்குப் பயன்படும் எண்ணெய்கள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல என்பதை எங்களில் பலர் அறியாமலே வேலை செய்கிறோம்.

இனித் தராசைப் பற்றிச் சொல்கிறேன். வகுப்பில் வாசனை எண்ணெயைத் தேக்கரண்டியால் அளந்தார்கள். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு. எண்ணெய்க்கு எண்ணெய் அடர்த்தியும் வேறு. மெழுகின் நிறையில் 6 முதல் 10 சதவீதம் வரை வாசனை எண்ணெய் என்பதே இந்தத் தொழிலில் பொதுவாகக் கையாளப்படும் அளவு. 250 கிராம் சோயா மெழுகுக்கு நான் 8 சதவீதக் கணக்கில் 20 கிராம் எண்ணெய் நிறுத்துப் போடுகிறேன். கூடப் போட்டால் வாசனையும் கூடும் என்று தொடக்கத்தில் நானும் நம்பினேன். மெழுகு தன்னால் இயன்ற அளவுக்கு மேல் எண்ணெயைப் பிடித்து வைக்காது. மிஞ்சியது வில்லையின் மேல் வியர்வைபோல் துளித்துளியாக வந்து நிற்கும். அதைத் தொட்ட கை கரிக்கும், வைத்த பலகையின் வார்னிஷ் போகும். தோலுக்கும் நுரையீரலுக்கும் இந்த அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்றைச் சொல்லலாம்: வாசனைப் பொருட்களுக்கான சர்வதேசச் சங்கமான இஃப்ரா, எந்த வாசனைக் கூறு எந்தப் பொருளில் எவ்வளவு வரை இருக்கலாம் என்று வரம்புகளை வகுத்து வைத்திருக்கிறது. எண்ணெயை வாங்கும்போதே அந்த அளவுகள் எழுதப்பட்ட சான்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சூட்டின் கணக்கும் அப்படித்தான். சோயா மெழுகு ஏறக்குறைய 80 பாகையில் இருக்கும்போது எண்ணெயைச் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாக, குமிழி எழாமல் கலக்க வேண்டும். பிறகு 60 பாகை அளவுக்கு ஆறியதும் அச்சில் ஊற்ற வேண்டும். ஊற்றிய மறுநாளே விற்கவும் கூடாது. சோயா வில்லையை மூடிய பெட்டியில் ஏறத்தாழ இரண்டு வாரம் வைத்திருந்தால்தான் எண்ணெய் மெழுகோடு ஒன்றி வாசனை நிறைவாக வரும். பரபின் மெழுகுக்குச் சில நாட்கள் போதும். இவை எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை அல்ல. வெப்பமானி இல்லாத குசினியில் இந்த வேலையைச் செய்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதைப் போன்றது.

இங்கே எங்கள் ஊரின் வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் காணொளிகளில் வரும் முறை எல்லாம் குளிர் நாட்டுக் குசினிகளுக்கு உரியது. அங்கே தேங்காயெண்ணெயைச் சேர்த்து மெழுகை மென்மையாக்கச் சொல்கிறார்கள். தேங்காயெண்ணெய் உறைவது 24 பாகைக்குக் கீழே. திருகோணமலையில் அது உறைந்திருப்பதை மார்கழி விடியலில் சில நாட்கள் பார்க்கலாம், மற்றபடி ஆண்டு முழுவதும் திரவந்தான். அப்படியொரு எண்ணெயைச் சேர்த்தால் வில்லை கைபட்டதும் குழையும். வைகாசியில் தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் இங்கே 35 பாகைக்கு மேல் ஏறும் நாட்கள் பல. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் உல்லாசப் பயணிகள் வருவதும், எங்கள் வில்லைகள் விற்பதும் சரியாக அதே மாதங்களில்தான்.

என் முதல் ஆடி மாதத்தில், கடற்கரைக்குப் போகும் பாதையோரம் மேசை போட்டு, ரோசாப்பூ வடிவிலும் சங்கு வடிவிலும் ஐம்பது வில்லைகளை அடுக்கினேன். பதினொரு மணிக்கு இதழ்களின் நுனி மழுங்கத் தொடங்கியது. மேசைக்கு மேல் சாக்குக் கட்டினேன். நிழல் இருந்தது, ஆனால் காற்றே அனலாக இருந்தது. ஒரு மணிக்குள் சங்குகளின் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொலித்தீன் பைகளுக்குள் எண்ணெய் கசிந்து, ஒட்டியிருந்த பெயர்த்தாள்கள் ஊறி உரிந்தன. வாங்க வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் ஒன்றைக் கையிலெடுத்து, விரல் அடையாளம் பதிந்ததைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டுப் போனார். கொழும்புக்குப் பேருந்தில் அனுப்பிய பொதிக்கும் இதே கதிதான். வெயிலில் நின்ற வண்டியின் உள்ளே சூடு 50 பாகையைத் தாண்டிவிடும். கிண்ணங்களில் ஊற்றுவதற்கென விற்கப்படும் சோயா மெழுகின் உருகுநிலை பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டத்தில்தான் இருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மெழுகு வாங்கும்போதே அதன் உருகுநிலையைக் கேட்டு, அச்சு வார்ப்புக்கென வரும் கெட்டியான வகையை எடுக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வரையில்தான் உருகும். சோயாவோடு அதைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தபோது என் வில்லைகள் ஆனி, ஆடி மாதங்களைத் தாக்குப் பிடித்தன. தேன்மெழுகுக்கென்று ஒரு மணம் இருப்பதால் மல்லிகை போன்ற மெல்லிய வாசனைகள் அதில் சற்று அமுங்கும்; கறுவா, கராம்பு போன்றவற்றுக்கு அது பொருந்தும். பரபினோடு ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பதும் அதைக் கெட்டிப்படுத்தும். நான் இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, ஆறு மணிக்குள் ஊற்றி முடித்து, அச்சுகளைச் சீமெந்துத் தரையில் ஆறவிடுகிறேன். விரைவில் இறுகட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வில்லை வெடிக்கும். வெளியே எடுத்ததும் அதன் மேல் தண்ணீரும் பூக்கும். மாரி காலத்தில் வில்லையின் மேல் வெள்ளைப் பூப்பு விழுவதுண்டு. அது சோயாக் கொழுப்பின் படிகம், கெட்டுப்போனதன் அடையாளமல்ல.

உள்ளூர் வாசனைகளைப் பற்றியும் வகுப்புகளில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. கோயிலடியில் மல்லிகை வாங்கி, அதை உருகிய மெழுகில் போட்டால் மல்லிகை வாசனை வரும் என்று நினைக்கிறார்கள். மல்லிகையின் மணம் சூட்டைத் தாங்காது. வாசனைத் தொழிலிலே அதைக் கரைப்பான்களால்தான் பிரித்தெடுக்கிறார்கள். மெழுகில் போட்ட பூ கறுத்து, ஈரம் விட்டு, சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். கறுவாத்தூள் அடியில் மண்டியாகத் தங்கும், மணம் பெயரளவில்தான். ஆனால் கறுவா எண்ணெய் எங்கள் நாட்டுக்கே உரிய பெருமைக்குரிய பொருள். இலையிலிருந்து எடுப்பதில் இயூஜினோல் என்ற வாசனைக் கூறு மிகுந்திருப்பதால் அது கராம்பை நினைவூட்டும். பட்டையிலிருந்து எடுப்பதில் சினமல்டிகைட் மிகுந்திருப்பதால் அதுவே நாம் அறிந்த கறுவா மணம். இரண்டும் தோலை எரிக்கும். கையுறையில்லாமல் அளக்கக் கூடாது, அளவும் குறைவாகவே இருக்க வேண்டும். சந்தனமும் வெட்டிவேரும் சாம்பிராணியும் எங்கள் வீடுகளுக்குப் பழகிய மணங்கள். அவற்றை எண்ணெய் வடிவில் சரியான அளவில் சேர்த்தால், இறக்குமதியாகும் வனிலா, ஸ்ட்ரோபெரி வாசனைகளைத் தேட வேண்டியதில்லை என்பது என் அனுபவம். என்னிடம் வாங்கும் வெளிநாட்டவர்களும் கறுவாவையும் எலுமிச்சம்புல்லையுமே கேட்டு வாங்குகிறார்கள்.

எனக்கு மிகுந்த மனவேதனை தரும் விடயம் அச்சுகளின் வடிவம். சிலிக்கன் அச்சு விற்கும் கடைகளில் டொபி, ஜெலி, பிஸ்கட், கப்கேக் வடிவங்கள்தான் அதிகம். சென்ற ஆண்டு நான் இளஞ்சிவப்பில் வார்த்த ஒரு ஜெலித் துண்டை என் தங்கையின் மூன்று வயது மகள் கடித்துவிட்டாள். கறுவா எண்ணெயின் எரிவில் அவளே துப்பிவிட்டதால் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. ஆனால் வாய் சிவந்து, அன்று இரவு முழுவதும் அழுதாள். வாசனையும் நிறமும் வடிவமும் இனிப்பாகவே இருக்கும்போது ஒரு குழந்தை அதை வேறு எப்படி விளங்கிக்கொள்ளும்? இதைக் கருதியே ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1987ஆம் ஆண்டிலேயே, உணவுபோல் தோற்றமளித்து உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய பொருட்களை விற்கத் தடை கொண்டுவந்தது. அன்றே அந்த அச்சுகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். இலை, சதுரம், வட்டம் என்பவை மட்டுமே இப்போது என்னிடம் உண்டு. விற்பனை சற்றுக் குறைந்தது உண்மை. அதற்காக நான் மனம் மாறப்போவதில்லை. இதை எங்கள் மாவட்டத்தில் வார்க்கும் சகோதரிகள் அனைவரும் பின்பற்ற வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியமாக வாந்தியெடுக்க வைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் இத்தகைய வேளைகளில் ஆலோசனை வழங்குகிறது.

வாங்குபவர்களும் அறிந்திருக்க வேண்டியவை உண்டு. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் விளக்கை விட்டுவிட்டு உறங்கப்போகக் கூடாது. இழுவை (ஆஸ்துமா) உள்ளவர்கள், கைக்குழந்தைகள், கூட்டில் வளரும் கிளிகள் இருக்கும் அறையைப் பூட்டிக்கொண்டு இதை ஏற்றக் கூடாது. பூனைகளுக்குச் சில தாவர வாசனை எண்ணெய்கள் நஞ்சாகும். வாசனை தீர்ந்த பிறகும் மெழுகு அப்படியே இருக்கும். அதைத் தொட்டிக்குள் ஊற்றினால் குழாய் அடைத்துவிடும். ஆறவிட்டு எடுத்து, தென்னந்தும்பில் தோய்த்து வைத்துக்கொண்டால் விறகடுப்பு மூட்ட உதவும் என்பது என் வீட்டில் செய்துவரும் முறை.

இவற்றில் முக்கியமானவை ஒவ்வொரு பொதியிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நிறை, மெழுகின் வகை, வாசனையின் பெயர், வார்த்த மாதம், எச்சரிக்கை ஆகிய ஐந்தும் போதும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பொருட்களின் சுட்டுத்துண்டுகள் பற்றிப் பணிப்புரை வழங்கும் அதிகாரம் உண்டு. அதிகாரிகள் வந்து தண்டிக்கும் நாள் வரை காத்திராமல் வகுப்பிலேயே சுட்டுத்துண்டு எழுதப் பழக்குவது எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளருக்கு நன்மையாகும்.

ஆகவே பிரதேச செயலகங்களிடமும், கைத்தொழில் அபிவிருத்திச் சபையிடமும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும், வகுப்புகளுக்கு நிதி வழங்கும் அமைப்புகளிடமும் நான் கேட்பது இவைதான். ஒரு நாள் வகுப்பை மூன்று நாளாக்குங்கள். முதல் நாள் நெருப்பும் நீரும் நிறையும் மட்டும் கற்பிக்கப்படட்டும். இரண்டாம் நாள் வார்க்கட்டும். மூன்றாம் நாளை இரண்டு வாரம் கழித்து வைத்து, அவரவர் வார்த்ததைக் கொண்டுவந்து உருக்கிப் பார்த்துப் பிழைகளைப் பேசட்டும். வகுப்பின் முடிவில் கொடுக்கும் அன்பளிப்புப் பொதியில் நிறமும் மினுக்குத் தூளும் அச்சும் இருப்பதைவிட, கிராம் அளவில் காட்டும் சிறிய மின்தராசும் ஒரு வெப்பமானியும் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தாலும் மேடைக்கும் பதாகைக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட அதிகமில்லை. தையில், குளிர்ச்சியான நாளில் மட்டும் வகுப்பை வைக்காமல், வெயில் காலத்திலும் ஒரு முறை வையுங்கள். அப்போது வில்லைகளை ஒரு பகல் முழுவதும் வெளியே வைத்துப் பார்த்தால் எந்த மெழுகு எங்கள் ஊருக்கு நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தங்கள் பத்திரிகையின் மகளிர் பக்கத்திலும் இந்த அளவுகளைத் தமிழில் ஒரு முறை வெளியிட்டால், ஆங்கிலக் காணொளிகளைப் புரிந்துகொள்ள முடியாமல் தட்டுத்தடுமாறும் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்துப் பெண்களுக்குப் பேருதவியாக இருக்கும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் இறக்குமதி மெழுகு கிடைக்காமல் கையிலிருந்த கடைசிக் கிலோவைச் சிறுகச் சிறுக வார்த்த நாளிலிருந்து, ஒவ்வொரு வார்ப்பின் நிறையையும் சூட்டையும் காலநிலையையும் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வருகிறேன். வீணாய்ப்போனவையும் அதில் உண்டு. எந்தச் சங்கமாவது கேட்டால் அந்தக் கொப்பியைப் பிரதியெடுத்துத் தரவும், என் பேணியையும் இடியப்பத் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்து செய்து காட்டவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். எங்கள் பகுதியின் அடுத்த வகுப்பு வைகாசியில் என்று அறிகிறேன். தராசுகள் அதற்கு முன்பே வந்து சேர வேண்டும்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.